ஏறும்போது கேட்காத சத்தம்

இன்னைக்கு இழையில சர்க்கரை இல்ல, கொலஸ்ட்ரால் இல்ல, யாரையும் வாக்கிங் போகச் சொல்லப் போறதும் இல்ல. ஒரு காரோட பின்பக்கத்துல இருந்து வந்த ஒரு சத்தத்தைப் பத்தி எழுதப் போறேன். நீளமாத்தான் போகும். காபி போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

"டாக்டர், உங்களுக்கு வேற வேலை இல்லையா"னு கேக்கப் போறவங்களுக்கு முன்கூட்டியே பதில்: இதுல நான் பண்ணின தப்பு ஒவ்வொண்ணும், பத்து வருஷமா ஜூனியர் டாக்டர்களுக்கு "இப்படிப் பண்ணாதீங்க"னு நான் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்த தப்பு. அதனாலதான் எழுதறேன்.

நான் இருக்கறது இங்கிலாந்துல, ஹடர்ஸ்ஃபீல்ட் ஊர்ல. வேலை பென்னைன் மலைக்கு அந்தப் பக்கம், மான்செஸ்டரை ஒட்டின ஒரு ஆஸ்பத்திரியில, பொது மருத்துவம். ரெண்டுக்கும் நடுவுல எம்62 நெடுஞ்சாலை. இங்கிலாந்துல எந்த மோட்டார்வேயும் அது ஏறுற உயரத்துக்கு ஏறறது இல்ல. 22ஆம் ஜங்ஷன் பக்கத்துல 372 மீட்டர். ஊட்டி பாத்தவங்களுக்கு இது ஒரு மேடுதான், ஆனா குளிர்காலத்துல அங்க அடிக்கிற காத்துக்கு லாரியே ஆடும். அந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் ஏத்தம், இந்தப் பக்கத்துல இருந்து போனாலும் ஏத்தம், உச்சி தாண்டினா நீளமான இறக்கம். இந்த ஏத்த இறக்கத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

கார் ஒரு ஜெர்மன் கூபே. 2003 மாடல், ஆறு சிலிண்டர் வரிசையா நிக்கும், பின் சக்கரங்கள்தான் ஓட்டும். கம்பெனி பேர் வேண்டாம். அவங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு கடைசியில உங்களுக்கே தெரியும். எம்.பி.பி.எஸ். படிக்கும்போது பழைய புத்தகக் கடையில வாங்கின ஒரு கார் பத்திரிகை அட்டையில பாத்தது. இருபது வருஷம் கழிச்சு, மூணாவது கை மாறி, நாலாவதா என்கிட்ட வந்தது. வீட்டுல அதுக்குப் பேர் "உங்க ரெண்டாவது பொண்ணு". அதைச் சொல்ற தொனி உங்களுக்குப் புரியும்.

முதல் பொண்ணுக்கு வயசு 15. சனிக்கிழமை சனிக்கிழமை மான்செஸ்டர்ல வயலின் வகுப்பு. கூபேயோட பின்சீட்டுல ஆள் உட்காரவே இடம் பத்தாது. அதுல வயலின் பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு, முழங்காலை மடக்கிக்கிட்டு வருவா. முன்சீட்டுல அவ அம்மா.

2024 செப்டம்பர்ல ஒரு சனிக்கிழமை. திரும்பி வர்ற வழியில, மலை உச்சி தாண்டி இறங்கும்போது, "அப்பா, காரு பாடுது"ன்னா.

"டயர் சத்தம்மா."

"இல்லப்பா. ஒரே ஸ்வரமா வருது. உய்ய்ய்ங்ன்னு."

"ரோடு அப்படி. இங்க தார் கரடுமுரடா இருக்கும்."

அவ ஒண்ணும் சொல்லல. அடுத்த வாரமும் சொன்னா. அதுக்கடுத்த வாரமும். எனக்குக் கேக்கவே இல்ல. கேக்காத சத்தத்துக்கு நானே காரணமும் சொல்லி முடிச்சிட்டேன் பாருங்க. நோயாளி நாற்காலியில உட்காரும் முன்னாடியே மாத்திரை எழுதற டாக்டர் மாதிரி.

ஏன் எனக்குக் கேக்கலைன்னு அப்புறம் யோசிச்சேன். தினமும் ஓட்டறவனுக்கு சத்தம் நாளுக்கு ஒரு சொட்டா கூடுது. காது பழகிடுது. தவிர, நான் முன்னாடி எஞ்சின் பக்கத்துல உட்காந்திருக்கேன். அவ உட்காந்திருக்கறது கிட்டத்தட்ட அந்த உறுப்பு மேலேயே.

என்ன உறுப்பு அது? கொஞ்சம் உடற்கூறியல்.

மாட்டு வண்டியில ரெண்டு சக்கரமும் அச்சுல தனித்தனியா சுத்தும். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகும், உள்பக்கம் கம்மியா போகும். ஒண்ணுக்கு ஒண்ணு தொந்தரவு இல்ல. கார்ல அப்படி விட முடியாது, எஞ்சினோட பலம் ரெண்டு சக்கரத்துக்கும் போயாகணும். பலத்தையும் கொடுக்கணும், வேற வேற வேகத்துல சுத்தவும் விடணும். அந்த ரெண்டு வேலையையும் செய்யற பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். முன்னாடி இருந்து ஒரு நீளமான தண்டு வருது, அதோட முனையில பினியன்னு ஒரு சின்னப் பல்சக்கரம். அது ஒரு பெரிய கிரௌன் வீலைச் சுத்துது. நம்ம ஊர் லாரிக்காரங்க மொத்தத்தையும் "கிரௌன்"னுதான் சொல்வாங்க. நாமக்கல் பக்கம் எங்க மாமா லாரி வெச்சிருந்தார். "கிரௌன் கத்துது, ஆயில் பாருடா"ன்னு கிளீனரை விரட்டினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்த ஞாபகம் ஏன் செப்டம்பர்ல வரலைன்னுதான் தெரியல.

என் கார்ல பினியனுக்கு 13 பல், கிரௌனுக்கு 47. ரெண்டுக்கும் பொது வகுஎண் கிடையாது. அதனால ஒரே பல் ஒரே பல்லையே திரும்பத் திரும்ப சந்திக்காம, எல்லாமே எல்லாத்தோடயும் உரசி சமமா தேயும். அந்தக் காலத்துலயே யோசிச்சு வெச்சிருக்காங்க. இதுல இன்னொரு விசேஷம், பினியன் கிரௌனோட நடு மையத்துக்கு நேரா இருக்காது, கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். ஹைபாய்ட் கியர்னு பேர். 1926ல பேக்கார்ட் கார்கள்ல வந்தது. நடுத் தண்டு கீழே இறங்கினதால காரோட தரையையும் கீழே இறக்க முடிஞ்சது, சத்தமும் கம்மி. ஆனா இந்த ஏற்பாட்டுல பற்கள் உருளறதோட நிக்காம ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிக்கிட்டும் போகும். அதனால சாதாரண எண்ணெய் தாங்காது. கந்தகச் சேர்மானம் கலந்த, கெட்டியான, நாத்தம் பிடிச்ச ஒரு ஆயில் வேணும். ஒரு தடவை கையில பட்டா மூணு நாள் பூண்டு உரிச்ச மாதிரி வாசம் போகாது.

எனக்கு எப்படி அந்த வாசம் தெரியும்னு கேட்டீங்கன்னா, கதை அங்கதான் இருக்கு. வரேன்.

அக்டோபர் கடைசியில எனக்கே கேட்டுடுச்சு. ராத்திரி ட்யூட்டி முடிச்சு காலையில வெறிச்சோடின ரோட்டுல வரும்போது. 60 மைல் வேகத்துல, மெல்லிசா, பக்கத்து வீட்டு மிக்ஸி சுவத்துக்கு அந்தப் பக்கம் ஓடற மாதிரி.

மறுநாள் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். பேர் வேண்டாம். ஒரு பையன் அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு வந்து "பின்சக்கர பேரிங்"னான். ரெண்டு பக்கமும் மாத்தினாங்க. 460 பவுண்டு.

நம்ப மாட்டீங்க, ரெண்டு நாள் சத்தம் குறைஞ்ச மாதிரியே இருந்தது எனக்கு. காசு கொடுத்தவனுக்கு அப்படித்தான் இருக்கும். வெறும் சர்க்கரை மாத்திரையில வலி போகறதைப் பத்தி வகுப்பு எடுக்கறவன் நான்.

மூணாவது நாள் சனிக்கிழமை. மலை இறங்கும்போது பின்சீட்டுல இருந்து குரல்: "அப்பா, அதேதான்." அவ அம்மா ஜன்னல் வழியா ஆட்டு மந்தையைப் பாத்துக்கிட்டே, "என்னங்க, வித்துடலாமே"ன்னாங்க. நாலு வருஷமா அந்த வாக்கியத்துக்காக அவங்க காத்துக்கிட்டு இருந்தாங்கன்னு நினைக்கிறேன்.

அந்த வாரம் வார்டுல ஒரு பாட்டி. அடையாளம் தெரியாதபடி விவரத்தை மாத்திச் சொல்றேன். மூச்சுல விசில் சத்தம். ஆஸ்துமான்னு சொல்லி மூணு மாசமா இன்ஹேலர் மேல இன்ஹேலர். குறையல. ஜூனியர் டாக்டர் இன்னொரு இன்ஹேலர் எழுதப் போனார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "பாட்டி, இது எப்ப வருது?" "படுத்தா வருது டாக்டர். எழுந்து உட்காந்தா போயிடுது." நுரையீரல் குழாய்ல எதுவும் இல்ல, இதயம் சரியா பம்ப் பண்ணாம நுரையீரல்ல நீர் கோத்திருக்கு. விசில் அடிக்கிற எல்லாமே ஆஸ்துமா இல்லைங்கறது மருத்துவத்துல ரொம்பப் பழைய வாக்கியம். நோயாளிக்கு வெளியே வந்து அதை ஜூனியருக்கு விளக்கிக்கிட்டு இருந்தேன். "சத்தம் என்னன்னு கேக்காதீங்க, எப்ப வருதுன்னு கேளுங்க. மூச்சு இழுக்கும்போது வந்தா மேல தொண்டைப் பக்கம் பாருங்க, விடும்போது வந்தா கீழே சின்னக் குழாய்ப் பக்கம் பாருங்க..."

சொல்லிக்கிட்டே இருந்தவன் பாதியில நிறுத்திட்டேன். என் பொண்ணுகிட்ட நான் அந்தக் கேள்வியைக் கேக்கவே இல்ல.

அந்த சனிக்கிழமை போறதுக்கு முன்னாடி அவகிட்ட சொன்னேன்: "இன்னைக்கு நீதான் டாக்டர். நான் ஓட்டறேன், நீ கேட்டு எழுது." வயலின் சுருதி சேர்க்கற ஆப் அவ போன்ல இருக்கு. அதை பின்சீட்டுத் தரையில வெச்சுக்கிட்டா.

40 மைல் வேகத்துல ஏ ஃப்ளாட், ஒரு இம்மி கம்மியா. 60ல ஈ ஃப்ளாட், அதுவும் அதே இம்மி கம்மியா. "அப்பா, ச-ப!"ன்னு கத்தினா. 40க்கு 60 ஒண்ணரை மடங்கு. ஷட்ஜத்துக்குப் பஞ்சமமும் ஒண்ணரை மடங்கு. காரோட வேகத்தோட கயிறு கட்டின மாதிரி அந்த ஸ்வரம் ஏறி இறங்குது.

கணக்குப் போட்டுப் பாத்தேன். என் டயர் ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட 2.04 மீட்டர் போகும். 60 மைல் வேகத்துல நொடிக்கு 13 சுத்து. அதை கிரௌனோட 47 பல்லால பெருக்கினா நொடிக்கு 615 சொச்சம். ஈ ஃப்ளாட் 622. அந்த ஒரு இம்மி கம்மி உட்பட சரியா வருது! எனக்குப் புல்லரிச்சிடுச்சு. பல்லோட பல் சேர்ற ஒவ்வொரு தட்டையும் என் பொண்ணு காது மூணு மாசமா எண்ணிக்கிட்டு இருந்திருக்கு.

ஆனா டயர் சத்தமும் வேகத்தோடதான் ஏறும். சும்மா கணக்கு ஒத்துப்போச்சுன்னு முடிவு பண்ணக் கூடாது. இங்கதான் எங்க தொழில்ல டிஃபரன்ஷியல் டயக்னோசிஸ்னு சொல்ற சமாச்சாரம் வருது. ஒரே அறிகுறிக்கு என்னென்ன காரணம் இருக்க முடியும்னு வரிசையா வெச்சு, ஒண்ணொண்ணா கழிக்கறது. (ஆமா, டிஃபரன்ஷியலுக்கே டிஃபரன்ஷியல். வார்டுல இந்த ஜோக்கை எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், யாரும் சிரிக்கல.)

60லயே நிதானமா போய்க்கிட்டு ஆறாவது கியர்ல இருந்து அஞ்சு, நாலுன்னு மாத்தினேன். எஞ்சின் சுத்தற வேகம் எகிறுது, ஸ்வரம் அசையல. எஞ்சின் இல்ல, கியர்பாக்ஸும் பெரும்பாலும் இல்ல. புதுசா போட்ட கறுப்பு வழவழ தார் மேல போனோம். டயர் இரைச்சல் சட்டுனு அடங்குச்சு, ஆனா நம்ம ஊளை அப்படியே. அப்ப டயர் இல்ல. லேசா இடமும் வலமும் ஒடிச்சுப் பாத்தேன். சக்கர பேரிங்கா இருந்தா பாரம் ஒரு பக்கம் சாயும்போது உறுமல் கூடும், குறையும். ஒரு மாத்தமும் இல்ல. 460 பவுண்டு கண் முன்னாடி பறந்து போச்சு.

கடைசியா மலை. ஏத்தத்துல ஆக்சிலரேட்டரை நல்லா மிதிச்சுக்கிட்டு ஏறினேன். பின்சீட்டுல நிசப்தம். உச்சியில பெடலை பாதியில வெச்சு, வண்டியை இழுக்கவும் இல்லாம தடுக்கவும் இல்லாம மிதக்க விட்டேன். அப்பவும் நிசப்தம். ஹடர்ஸ்ஃபீல்ட் பக்கம் இறங்கும்போது காலை எடுத்தேன்.

உய்ய்ய்ய்ங்.

கிளட்ச்சை மிதிச்சேன். அடங்குச்சு. விட்டேன். திரும்ப வந்தது.

மூணு மாசமா அவ சொன்னது அத்தனையும் "மலை இறங்கும்போது"தான். நான்தான் அந்தப் பாதி வாக்கியத்தைக் காதுல வாங்கல.

இணையத்துல தேடினா பெரும்பாலும் "ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஊளை, பல் தேய்மானம், மொத்தமா மாத்து"ன்னுதான் இருக்கும். என்னுது நேர்மாறு. இழுக்கும்போது பினியன் ஒரு திசையில தள்ளப்படும், காலை எடுத்தா எதிர்த் திசையில. பினியனைத் தாங்க ரெண்டு பேரிங் இருக்கு. கிரௌனை ஒட்டி உள்ளே பெருசா ஒண்ணு, முன்பக்க மூக்குல சின்னதா ஒண்ணு. இழுக்கற பாரத்தைப் பெருசு தாங்குது. கால் எடுக்கும்போது வர்ற பாரம் முன்மூக்குச் சின்ன பேரிங் மேல போகுது. அது தளர்ந்துட்டா பினியன் இடம் நகரும், பல்லும் பல்லும் சேர்ற இடம் மாறும், பாட்டு வரும்.

பாட்டு மட்டும் வந்தா பரவாயில்ல. அந்த பேரிங் சூடேறி இறுகிப் பிடிச்சிடுச்சுன்னா, ரெண்டு பின்சக்கரமும் ஒரே சமயத்துல நின்னுடும். 70 மைல் வேகத்துல, மழை ரோட்டுல, பின்சீட்டுல பொண்ணு. அன்னைக்கு வீட்டுக்கு 45லதான் வந்தேன். அதுக்கப்புறம் அவங்க ரெண்டு பேரையும் அதுல ஏத்தல.

கோல்ன் பள்ளத்தாக்குல, பழைய கம்பளி மில் ஒண்ணோட பின்கட்டுல ஒரு பெரியவர் டிஃபரன்ஷியல் வேலை மட்டும் பாக்கறார்னு கேள்விப்பட்டேன். எழுபது வயசு இருக்கும். நான் சாவியை நீட்டினேன், அவர் வாங்கல. ஸ்டூலைக் காட்டினார். உட்காந்தேன். நோயாளி நாற்காலியில உட்காந்து எத்தனை வருஷம் ஆச்சு!

எப்ப ஆரம்பிச்சது, எந்த வேகம், ஏறும்போதா இறங்கும்போதா. எல்லாத்துக்கும் என் பொண்ணு எழுதின தாளைக் காட்டினேன். நிதானமா படிச்சார். "இது யார் எழுதினது?" "என் பொண்ணு." "வேலை வேணும்னா அனுப்புங்க"ன்னார். அப்புறம் சாதாரணமா ஒரு கேள்வி: "இதுக்கு முன்னாடி யாராவது இதுல கை வெச்சாங்களா?"

ஒரு நிமிஷம் பேச்சு வரல எனக்கு.

கை வெச்சது நான்தான். 2022 நவம்பர்ல. கடையில கொடுத்தா கிரௌன் ஆயில் மாத்த 90 பவுண்டு கேக்கறாங்க, இதுல என்ன இருக்கு, நானே மாத்திடறேன்னு ஒரு ஞாயித்துக்கிழமை படுத்துட்டேன். பழசை வடிச்சேன், கைப்பம்ப் வெச்சு புதுசை ஏத்தினேன், துளை வழியா வழிய ஆரம்பிச்சதும் மூடினேன். துளை விளிம்பு வரைக்கும் வந்து வழிஞ்சா நிறைஞ்சதுன்னு அர்த்தம். புத்தகத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு.

"எங்க வெச்சு மாத்தினீங்க டாக்?"

"வீட்டு வாசல்ல."

"வீடு எங்க?"

தெருப் பேரைச் சொன்னேன். அவர் சிரிக்கல, அதுவே பெரிய மனசு. எங்க தெரு ஹடர்ஸ்ஃபீல்டுக்கே உரிய செங்குத்துத் தெரு. வாசல் அதை விடச் சாய்வு. மூக்கை வீட்டுப் பக்கம் மேல வெச்சுத்தான் நிறுத்தியிருந்தேன். பின்பக்கத்தை ஜாக்கி வெச்சுத் தூக்கியும் மூக்கு மேலேதான் இருந்திருக்கு. ஆயில் ஊத்தற துளை பெட்டியோட பின்பக்கம். வண்டி சாஞ்சு நின்னா உள்ளே இருக்கற ஆயில் பின்னாடி வந்து தேங்கி, நிறையறதுக்கு ரொம்ப முன்னாடியே துளையில வழிஞ்சிடும். போதாக்குறைக்கு நவம்பர் குளிர், தேன் மாதிரி கெட்டியான எண்ணெய், உள்ளே பரவ நேரமே கொடுக்கல நான்.

வண்டியை நாலு சக்கரமும் சமமா நிக்கற லிஃப்ட்ல ஏத்தினார். மூடியைக் கழட்டி சுண்டு விரலை உள்ளே விட்டார். விரல் காய்ஞ்சு வெளியே வந்தது. எனக்கு அந்த விரலைப் பாத்ததும் வயித்தைப் பிசைஞ்சது. வடிச்சு அளந்தா 600 மில்லி. ஒரு லிட்டருக்கு மேல இருக்க வேண்டிய இடம்.

உள்ளே கிரௌன் பாதி ஆயில்ல முங்கிச் சுத்தும்போது அதை வாரி இறைக்கும். அந்த இறைப்புலதான் முன்மூக்கு பேரிங்குக்குக் குடிக்கக் கிடைக்கும். மட்டம் குறைஞ்சா முதல்ல பட்டினி கிடக்கறது அதுதான், வாய்க்கால்ல கடைமடை வயல் மாதிரி. ரெண்டு வருஷம் பட்டினி போட்டிருக்கேன்.

வடிகால் மூடியில ஒரு காந்தம் இருக்கும். சாம்பல் நிறத்துல பசை மாதிரி ஒட்டியிருந்தா அது சாதாரணத் தேய்மானம், வயசு. என்னுதுல பசைக்கு நடுவுல வெள்ளிச் செதில்கள். அதை விரல்ல வழிச்சு விளக்கு வெளிச்சத்துல காட்டினார். பயாப்ஸி ரிப்போர்ட்டை நோயாளி பக்கம் திருப்பிக் காட்டற மாதிரியே இருந்தது.

அப்புறம் அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். நிஜமாவே. முனையில தட்டுக்குப் பதிலா ஒரு நீளமான இரும்புக் கம்பி. லென்னக் 1816ல பாரிஸ் நெக்கர் ஆஸ்பத்திரியில காகிதத்தைச் சுருட்டி நோயாளி நெஞ்சுல வெச்சுக் கேட்டாரே, அப்ப அவருக்கு ஞாபகம் வந்தது ஒரு மரக்கட்டையோட ஒரு முனையில ஊசியால கீறினா மறுமுனையில தெளிவா கேக்குங்கறது. இவர் கையில இருக்கறது அந்த மூலப்பிரதி. எங்க கழுத்துல தொங்கறதுதான் நகல்.

வண்டியை லிஃப்ட்லயே ஓடவிட்டு சக்கர மூட்டு ரெண்டுலயும் வெச்சுக் கேட்டார், பெட்டியோட ரெண்டு பக்கமும் வெச்சார், கடைசியா முன்மூக்குல. கழட்டி என் காதுல மாட்டிவிட்டார். பக்கவாட்டுல வழவழன்னு ஒரே சீரான ஓட்டம். முன்மூக்குல மணல் அரைபடுது. நிமோனியா நோயாளியோட முதுகுல கேக்கற அதே மொறுமொறுப்பு. வண்டியை நிறுத்தச் சொல்லி, பினியன் முனையைக் கையால பிடிச்சு முன்னும் பின்னும் அசைச்சார். அசைஞ்சது. அசையவே கூடாது.

"பல் பிழைச்சிடும்னு நினைக்கிறேன். இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா பிழைச்சிருக்காது."

ரெண்டு வழி சொன்னார். பழைய வண்டி உடைக்கற இடத்துல முழுப் பெட்டியா 700 பவுண்டுக்கு வாங்கி மாட்டலாம், ஆனா அது எந்த வாசல்ல எப்படி நின்னதுன்னு யாருக்குத் தெரியும். இல்லைன்னா இதையே பிரிச்சு பேரிங், சீல் எல்லாம் புதுசு போடலாம், 980. பிரிக்கச் சொன்னேன்.

லீவ் போட்டுட்டுப் போய்ப் பக்கத்துல நின்னேன். நான் நின்னது இடைஞ்சலாத்தான் இருந்திருக்கும். பல்லுல மஞ்சள் பசை தடவிச் சுத்தி, எந்த இடத்துல பல் பதியுதுன்னு பாத்தார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல விட வேண்டிய இடைவெளியை ஒரு கடிகார முள்ளு வெச்ச கருவியில, மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு கணக்குல அளந்தார். எனக்கு மலைப்பா இருந்தது பினியன் நட்டை இறுக்கறதுதான். ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல ஒரு நசுங்கற குழாய் வெச்சிருக்கும். ஒரு ஆள் உயர கம்பியில தொங்கி இறுக்கினாதான் அது நசுங்கும். ஆனா அது நசுங்க நசுங்க பினியன் எவ்வளவு இலகுவா சுத்துதுன்னு சின்ன அளவுமானியால ஒவ்வொரு திருப்புக்கும் பாத்துக்கிட்டே வரணும். ஒரு இழை கூடிடுச்சுன்னா நட்டைத் திருப்பித் தளர்த்த முடியாது. குழாய் நசுங்கினது நசுங்கினதுதான். புதுக் குழாய் போட்டு முதல்ல இருந்து. அவர் முதல் தடவையிலயே நிறுத்தினார். எங்க நிறுத்தறதுன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன். "மானி சொல்லுச்சு"ன்னார். சும்மா சொல்றார்னு எனக்குத் தெரியும். மானியைப் பாக்கறதுக்கு முன்னாடியே கை நின்னுடுச்சு.

வீட்டுல மொத்தக் கணக்கையும் சொல்லிட்டேன். பேரிங் 460, இது 980, ஆக 1,440. சேமிச்சது 90. அவங்க திட்டல. "அப்ப பாப்பா முதல் நாளே சொன்னது சரிதானே"ன்னு மட்டும் கேட்டாங்க. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்தது.

பொண்ணுகிட்ட தனியா மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லப்பா, நீ பிஸி"ன்னா. அது வேற மாதிரி குத்துச்சு.

புது பேரிங் செட் ஆக முதல் சில நூறு மைல் மெதுவா ஓட்டி, ஆயிலை ஒரு தடவை மாத்தி (அவர் லிஃப்ட்ல, சமமா வெச்சு), அதுக்கப்புறம்தான் சனிக்கிழமைப் பயணம். ஏத்தத்துல யாரும் பேசல. உச்சி தாண்டி காலை எடுத்தேன். நானும் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். டயர் இரைச்சல், காத்து, அவ்வளவுதான். கண்ணாடியில பின்சீட்டைப் பாத்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு இருந்தா.

"என்ன கேக்குது?"

"அது இல்லப்பா."

அப்பாடான்னு மூச்சு விட்டேன்.

"ஆனா டிக் டிக்குனு வேற ஒண்ணு கேக்குது. இடது பக்கம். இறங்கும்போது மட்டும்."

இந்தத் தடவை ரோடு, தார்னு எதுவும் சொல்லல. 24ஆம் ஜங்ஷன்ல வெளியே வந்து, ஓரமா நிறுத்தி, குனிஞ்சு பின்சீட்டுக்குள்ள தலையை விட்டுத் தேடினேன். பத்து நிமிஷம். குளிர்ல அவ அம்மா கையைத் தேய்ச்சுக்கிட்டு வெளியே நின்னாங்க.

வயலின் பெட்டியோட கொக்கி. சரியா மாட்டாம தொங்கிக்கிட்டு இருந்தது.